செல்ஃபிக்கு யூஜின், ஸ்டியரிங்குக்கு நான்

இல்லம்மா, வண்டி மாறல, நம்பரப் பாத்துக்கோ. ஆப்புல மீச வெச்சிட்டு ஒருத்தர் தெரியுறாரே, யூஜின், அது என் வீட்டுக்காரர். நான் குளோரியா. அந்த ரிப்போர்ட் பட்டன மட்டும் அமுக்கிடாத கண்ணு. டிரைவர் வேற ஆளுன்னு தெரிஞ்சா ஐடிய பிளாக் பண்ணிடுவானுங்க. அது போச்சுன்னா எங்க வீட்டுல எல்லாமே போச்சு.

உக்காரு, பெல்ட்டப் போடு. ஃப்ரிட்ஜ நிக்க வெச்சுத்தான் கட்டியிருக்கேன், பயப்படாத. வைட்ஃபீல்ட விட்டுட்டு எங்க லிங்கராஜபுரத்துக்கே குடி வர்ற, உன் சாமான ஒடச்சிட்டு நான் எந்த மூஞ்சிய வெச்சிட்டு உன்னப் பாக்குறது?

லைசென்ஸா? என் பேர்லயே ஜம்முனு இருக்கு. அவருதான் ஓட்டக் கத்துக்குடுத்தாரு. முன்னாடியெல்லாம் ஸ்டாண்டுல நின்னு லோடு புடிப்பாரு. பொழுதுக்கும் டீ, சீட்டாட்டம், லோடு வந்தா புரோக்கருக்கு வேற அழணும். நாந்தான் நச்சரிச்சு ஆப்புல சேத்துவிட்டேன். அப்புறம் மனுஷன் வீட்டுலயே தங்கல, போனு டிங்குன்னா ஓட்டம்தான்.

போன வருஷம் ஸ்ட்ரோக் வந்து ஒரு கை, ஒரு கால் விழுந்திருச்சு. மூஞ்சிய மாதா காப்பாத்திக் குடுத்தா. ஆனா செவுத்தப் பாத்துப் படுத்தவரு படுத்தவருதான். சோறு வேணாம், பேச்சு வேணாம். எனக்கு அழுகையா வரும்.

வண்டி சும்மா நின்னா ஆகுமா? நான் எடுத்தேன். இந்த ஆப்பு என்னடான்னா காலைல செல்ஃபி கேக்குது, மூஞ்சி மேட்ச் ஆனாத்தான் லோடு குடுக்கும். மொத நாளு படுக்கையிலயே எடுத்தேன், தலகாணி தெரியுதுன்னு வேணாம்னுடுச்சு. சிரிக்காத. அதுலருந்து அவரு எந்திரிச்சு, ஷேவ் பண்ணி, சட்டைய மாட்டி, என் தோளப் புடிச்சு மெதுவா வந்து இந்த சீட்டுல உக்காந்து போட்டோ எடுத்துக்குறாரு. மேட்ச் ஆச்சுன்னா பெரிய கலெக்டரு கணக்கா, பாத்து ஓட்டுடிம்பாரு. எனக்கு!

டின் ஃபேக்டரி ஸ்டாப் வந்தாச்சு, ஜாமப் பாரு, கர்மம். இங்கயே சமைச்சு சாப்புடலாம்.

தப்புதாம்மா, இல்லைங்கல. என் பேர்லயே ஐடி எடுக்கலாமேங்குற. எடுத்தாச்சு. போன மாசமே வந்து போனுல கெடக்கு, அவர்கிட்ட இன்னும் சொல்லல. நான் என் மூஞ்சியக் காட்டிட்டுக் கெளம்பிட்டா, அவரு காலைல எதுக்கு எந்திரிப்பாரு, சொல்லு.