சூப்பர்வைசரின் வயிறு

எங்கள் வீட்டுப் பூனைக்குக் கம்பெனிச் சங்கு ஊதினால்தான் வயிறு கலக்கும். ஏ ஷிஃப்ட்டுக்கு ஒரு தரம், பி ஷிஃப்ட்டுக்கு ஒரு தரம், சி ஷிஃப்ட்டுக்கு ஒரு தரம். ஆயுத பூஜை லீவில் சங்கு கிடையாது. அன்றைக்கு முழுக்க முக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சிப்காட்டில் முப்பத்திரண்டு வருஷம் கிரேன் ஓட்டியவன் நான். நேரம் தவறாத ஆட்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். இதுபோல ஒருத்தரைப் பார்த்ததில்லை.

டாக்டரம்மா, நடந்ததை உள்ளபடி எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். உங்கள் மெடிக்கல் ரூம் பெஞ்சிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். பெயர் அரசப்பன், வயது எழுபத்தொன்று. உங்கள் கான்டீனில் சமைக்கும் விமல் என் மாப்பிள்ளை. அவரும் என் ஒரே மகள் கல்பனாவும் என்னோடுதான் இருக்கிறார்கள். வெள்ளைப் பூனை, பெயர் சூப்பர்வைசர். எல்லா இடத்தையும் சுற்றிப் பார்க்கும், ஒரு வேலையும் செய்யாது, மூலையில் அசிங்கம் பண்ணிவிட்டு அடுத்தவனை முறைக்கும். அதனால் அந்தப் பெயர்.

வைத்தியம் பார்க்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் ராஜமாணிக்கம், எருமைக்குக் கொடுக்கிற மாத்திரையை எட்டாக உடைத்து ஒரு பங்கு கொடுத்தார். அன்று சாயங்காலம் பூனை அடிக்குரலில் கத்திற்று. தெருவில் இரண்டு கன்றுக்குட்டிகள் அதன் பின்னாலேயே வந்துவிட்டன. பெரியபாளையத்தம்மனுக்கு வேண்டிக்கொண்டு ஒயர் கூடையில் தூக்கிப்போனேன். வேப்பிலைச் சேலை கட்டிக் கோயிலைச் சுற்றினேன். மூன்றாவது சுற்றில் பார்த்தால் சேலையில் பாதியைக் காணோம். பூனை தின்றிருந்தது. திரும்புகிற பஸ்ஸில் நடந்ததை எழுதினால் நம்பமாட்டீர்கள். கண்டக்டர் டிக்கெட் கேட்காமலே எங்களை இறக்கிவிட்டார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கல்பனா மடியில் போட்டு வயிற்றைத் தடவிக் கொடுத்தால் மட்டும் கொஞ்சம் அடங்கும்.

இப்படி இருக்கையில் ஒருநாள் மாப்பிள்ளை பல்லெல்லாம் தெரிய வீட்டுக்கு வந்தார்.

"மாமா, ஒரகடத்துல புது கான்டீன் தொறக்கிறாங்கோ. என்னைய ஹெட் குக்கா போட்டுக்கிறாங்கோ. கோட்ரஸும் உண்டு."

சாம்பார் அண்டா தூக்கித் தூக்கி ஒரு தோள் இறங்கிப்போன மனுஷன். ஒன்பது வருஷமாக இதற்குத்தான் காத்திருந்தார்.

"பூனை?" என்றேன்.

"அங்க பூனை, நாயி எதுவும் வெச்சிக்கக் கூடாதாம் மாமா."

"அதான் நீ கீறியே நைனா," என்றாள் கல்பனா, ஏற்கெனவே பரணிலிருந்து பெட்டியை இறக்கிக்கொண்டே. "ஒனக்கு அது தொண, அதுக்கு நீ தொண. மாசம் ஒருவாட்டி நாங்க வந்துகினு போய்கினு இருப்போம்."

எனக்கு அதில் ஒன்றுமில்லை. நான் பூனையைத்தான் யோசித்தேன். மாசம் ஒருவாட்டி தடவினால் போதுகிற வயிறா அது?

புது இடத்துக்கு அனுப்புமுன் மெடிக்கல் வைத்தீர்கள். சமையல்காரர்களுக்கு மலப் பரிசோதனை உண்டு. நீலமூடி டப்பாவைப் பெயர் ஒட்டிக் கொடுத்தனுப்பியதே நீங்கள்தான். மாப்பிள்ளை அதை ஒழுங்காக நிரப்பி, மஞ்சப் பையில் போட்டு, பைக் ஹேண்டிலில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போனார். சங்கு ஊதிற்று. சூப்பர்வைசர் தன் கடமையைச் செய்தது. என் கையில் ஐஸ்கிரீம் குச்சி ஒன்று இருந்தது. மீதியை விவரிக்க வேண்டியதில்லை. டப்பா அதேதான், உள்ளே இருந்தது மட்டும் வேறு. ஸ்டிக்கரில் நான் கை வைக்கவில்லை. பொய் எழுதும் பழக்கம் எனக்குக் கிடையாது.

மனுஷனுக்கு வராத புழு என்று லேப்காரர்கள் சொன்னார்களாம். அடுத்த நாளே நீங்கள் பிளான்ட்டில் அறுநூறு பேருக்கும் பூச்சி மாத்திரை கொடுத்தீர்கள். கக்கூஸ் பதினாலு. கொடுப்பதற்கு முன் இதை யாராவது யோசித்திருக்கலாம் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. லைன் மூன்று மணி நேரம் நின்றது. ஃபோர்க்லிஃப்ட் சாலமோன் அவசரத்தில் வண்டியோடு வந்து வரிசையில் நின்றானாம். இடம் போய்விடும் என்று இறங்கவே இல்லையாம்.

மாப்பிள்ளையை அடுக்களைப் பக்கம் வராதே என்று வீட்டுக்கு அனுப்பினீர்கள். ஒரகடம், ரெண்டாவது டெஸ்ட்டுக்குப் பிறகு பார்க்கலாம் என்று ஆயிற்று. டீக்கடையில் அவருக்குப் 'புழு மாஸ்டர்' என்று பெயர் வைத்தார்கள். கல்பனா அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் போட்டாள். ஆறு கிலோ இளைத்தார். துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதார். பெட்டி திரும்பவும் பரணுக்குப் போயிற்று. வீடு வீடாக இருந்தது.

ஆனால் சமைத்த கை சும்மா இருக்காது. அவர் பூனைக்குச் சமைக்க ஆரம்பித்தார். உப்பில்லாமல் வேகவைத்த கோழி, மசித்த பூசணிக்காய், ஒரு கரண்டி குழைந்த சோறு. அளந்து வைத்து, எதிரே குந்திக்கொண்டு, அது தின்று முடிக்கிறவரை பார்ப்பார்.

"நான் ஆக்குனத துன்ற ஒரே ஆளு இவன்தான் மாமா," என்றார்.

மூன்றே வாரம். சங்குக்கும் பூனைக்கும் உறவு அறுந்துபோயிற்று. நாளுக்கு ஒரு தரம், கெட்டியாக, மண்ணைத் தோண்டி மூடிவிட்டு, நல்ல குடும்பத்துப் பிள்ளை மாதிரி வரும். நாலு வருஷமாக நான் கும்பிடாத சாமியில்லை. கடைசியில் பூசணிக்காயில் தீர்ந்தது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுத வார்த்தை போதாது.

ஆனால் ரெண்டாவது டெஸ்ட் வியாழக்கிழமை.

புதன்கிழமை காலை சிப்காட் முனை பஜ்ஜிக்கடையில் மூன்று நாள் எண்ணெயாக ஒரு டம்ளர் கேட்டு வாங்கினேன். அதில் பழைய மத்தித் தலை நாலு ஊறப்போட்டேன். பூனை முதலில் மோந்துவிட்டு ஒதுங்கிற்று. நல்லது கெட்டது பழகிவிட்டிருந்தது. கையில் எடுத்து ஊட்டினேன். நான் ஊட்டினால் தின்னும். அவ்வளவு நம்பிக்கை.

வியாழக்கிழமை டப்பா நிரம்பிற்று. பூனை இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. மாப்பிள்ளை மடியில் போட்டுக்கொண்டு உப்பு சர்க்கரைத் தண்ணீரை ஸ்பூனால் விட்டார்.

"நான் வெச்ச பூசணிக்கா ஒத்துக்கலியா மாமா?"

"இருக்கலாம் மாப்பிள்ளை," என்றேன்.

இப்போது எழுந்து நடக்கிறது. நீங்கள் டப்பாவில் ஒரு வெள்ளை முடியைக் கண்டுபிடித்து என்னைக் கூப்பிட்டீர்கள். மாப்பிள்ளை உடம்பில் அந்த நிறத்தில் முடி கிடையாது என்று நீங்கள் சொன்னது சரிதான். வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது. இரண்டு தரமும் மாற்றியது நான்தான். காரணம் மேலே எழுதியபடி, பூனையின் உடல்நிலை.

நேற்று மாப்பிள்ளை ஒரகடம் மேனேஜர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, பூனையையும் கோட்ரஸில் வைத்துக்கொள்ள அனுமதி வாங்கிவிட்டார். அவரே சமைத்துப் போடுவார், கல்பனா தினமும் தடவிக் கொடுப்பாள். பூனைக்கு இனி ஒரு குறையும் இல்லை. பெட்டி மறுபடியும் பரணிலிருந்து இறங்கியிருக்கிறது.

மூன்றாவது டெஸ்ட்டுக்கு மாப்பிள்ளையை இங்கே வரச் சொல்லியிருக்கிறீர்களாம். எதற்கு அவருக்கு அலைச்சல், நான்தான் வந்திருக்கிறேனே, டப்பாவை என்னிடமே கொடுத்தனுப்புங்கள்.