என் பாத்தியில் வருவது கீரை

கீரையை ஐந்து தண்ணீரில் அலச வேண்டும். எனக்கும் மனைவிக்கும் இதில் எப்போதும் தகராறுதான். அவளுக்கு இரண்டு தண்ணீர் போதும். எனக்கோ நாக்கில் ஒரு மணல் நெருடினாலும் சாப்பாடு இறங்காது. அதனால்தான் ஓய்வு பெற்றதும் சமையலை நானே எடுத்துக்கொண்டேன். நகராட்சி வாடகைக்கு விடும் தோட்டத்தில் ஒரு பாத்தியும் எடுத்தேன். தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழுகிற பாத்தி. காய் எதுவும் பிடிக்காது. கீரை மட்டும் கொழுகொழுவென்று வரும்.

சாப்பாட்டில் விஷம் வைத்தாயா என்று காலையில் கேட்டீர்கள். இல்லை. பூச்சிமருந்துகூட அடித்ததில்லை. வேண்டுமானால் இலையைப் பறித்துக்கொண்டுபோய்ச் சோதித்துப் பாருங்கள்.

மனைவிக்கு இதய வால்வு மாற்றினார்கள். அதில் ரத்தம் கட்டாமல் இருக்க ஆயுள் முழுக்க ஒரு மாத்திரை. டாக்டருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

"கீரையை நிறுத்திடுங்க. அது இந்த மாத்திரையை வேலை செய்ய விடாது. ரத்தம் கட்டி மூளைக்குப் போயிடும். புரியுதா?"

புரிந்தது. நான் ஒன்றும் மக்கு இல்லை.

மனைவி அன்றே கீரையை விட்டாள். விட்டதில் எனக்கு வருத்தமில்லை. விடும்போது ஒரு சின்ன முகவாட்டமாவது வேண்டாமா? பக்கத்துப் பாத்திக்காரர், முன்பு தபால்காரராக இருந்தவர், அவளைப் பார்க்க ஒரு பூசணிக்காயோடு வந்தார். அவள் அதைப் பிள்ளையைப் போல வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒரு வழியா கீரைகிட்ட இருந்து தப்பிச்சேன் அண்ணா. இவர் போட்டதைத் தின்னு தின்னு எனக்கே இலை முளைச்சிருக்கும்."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விளையாட்டுப் பேச்சை மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை நான். சிரித்தபோது தபால்காரருக்கு எந்தப் பல் இல்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

கீரையை வேகவைத்து அரைத்து, ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைப்பேன். கடையில் வாங்கிய பீட்ரூட் சூப்பில் இரண்டு கட்டியைப் போட்டால் பச்சை தெரியாது. மிளகு மட்டும் கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும். அவள் இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

"கீரையை விட்டப்புறந்தாங்க உங்க சமையலே ருசியா இருக்கு."

வயிறு எரிந்தது. மறுநாள் இன்னொரு கட்டி சேர்த்தேன்.

ரத்தப் பரிசோதனை சரியாக வரவில்லை. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். அதற்குத் தகுந்தபடி நானும் கூட்டினேன். அடுத்த முறையும் சரியில்லை. மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று டாக்டர் கேட்டதும், ஒருநாளும் விட்டதில்லை என்று சொல்லி மனைவி அழுதுவிட்டாள். கூட வந்த மகளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா இப்படிப் பொய் சொல்றே? நீ போட்டிருந்தா ஏன் இப்படி வருது?"

நான்தான் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டேன். "திட்டாதேம்மா. இனிமே நானே பக்கத்துல இருந்து கொடுக்கறேன்" என்றேன். அன்றிலிருந்து மாத்திரையை விழுங்கியதும் அவள் வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டுவாள். சில நாள், "நெஜமாவே போட்டேனாங்க?" என்று என்னையே கேட்பாள். பாவமாக இருக்கும்.

பிறகு பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போயின. நீங்கள் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன், அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். ஆனால் பாத்தியில் கீரை முற்றிக்கொண்டிருந்தது. வீணாக்க மனம் வரவில்லை.

அவள் கட்டிலிலிருந்து பார்த்தால் அடுப்பு தெரியும். அது எனக்குத் தோன்றவில்லை. ஒருநாள் கொதிக்கிற சூப்பில் கட்டியைப் போட்டுவிட்டுத் திரும்பினால், அவள் கண்கொட்டாமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிண்ணத்தோடு போனேன். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள், பிடியில் பலமில்லை. நான் கோபப்படவில்லை. கன்னத்தை இரண்டு விரலால் அழுத்தினால் வாய் தானாகத் திறக்கும். ஒரு சொட்டு சிந்தாமல் ஊட்டி, கண்ணையும் துடைத்துவிட்டேன். தினமும் அப்படித்தான் ஊட்டினேன். அவள் அதிக நாள் இருக்கவில்லை.

எல்லாம் முடிந்து, மகள் ஃபிரிட்ஜைத் துடைக்கும்போது ஐஸ் தட்டைப் பார்த்தாள்.

"அப்பா, இது என்னது?"

"கீரைம்மா. நம்ம பாத்தியில வந்தது."

அவள் தட்டைக் கீழே வைக்காமலேயே உங்களுக்குப் போன் செய்தாள்.

தெரியாமல் செய்துவிட்டதாக எழுதாதீர்கள். ஒவ்வொரு கட்டியும் என்ன செய்யும் என்று தெரிந்துதான் போட்டேன். ஆனால் கொன்றேன் என்றும் எழுதாதீர்கள். ஊட்டினேன் என்று எழுதுங்கள். டாக்டர்கள் ஆயிரம் சொல்வார்கள். அதையெல்லாம் பார்த்தால் மனுஷன் ஒரு வாய் சாப்பிட முடியுமா?

மதியம் உங்கள் காவலர் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கிவந்து கொடுத்தார். நல்ல பிள்ளை. நாளையிலிருந்து எனக்கு உப்பில்லாமல் வாங்கிவரச் சொல்லுங்கள். ரத்த அழுத்தம் இருக்கிறது. டாக்டர் சொன்னதை நான் ஒருநாளும் மீறியதில்லை.