பள்ளத்துப் பக்கத்துத் தகரம்

ஹாக்கிக்குப் புல்லை ஒட்ட வெட்ட வேண்டும். கால்பந்துக்குக் கொஞ்சம் வளர விட்டாலும் பரவாயில்லை. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் எங்கள் மேல்பாறை எஸ்டேட் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் முழு வரலாறும் புரிந்த மாதிரிதான்.

ஆட்டம் இரண்டு, மைதானம் ஒன்று. ஆடுகிற பையன்களும் அதே பையன்கள். ஒரு ஞாயிறு மட்டை, மறு ஞாயிறு பந்து. செயலாளர் மட்டும் இரண்டு பேர். ஹாக்கிக்கு நான். பெயர் ஆறுமுகசாமி, எஸ்டேட்டில் கண்டக்டர். பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிற வேலை இல்லை. இன்று எந்தப் பீல்டில் கொழுந்து எடுப்பது, எங்கே மருந்தடிப்பது, எங்கே கவாத்து வெட்டுவது என்று ஆட்களைப் பிரித்துவிடும் வேலை. கால்பந்துக்குத் தங்கையா. பாக்டரியில் இலை காயவைக்கும் டிரையரைப் பார்ப்பவன், சின்ன வயதில் குடும்பத்தோடு இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவன். நாங்கள் ஒருவரையொருவர் மிகவும் மதித்தோம். நான் புல் வெட்டச் சொன்ன வாரம் அவன் கோல் கம்பத்தைப் பிடுங்கி நகர்த்துவான். அவன் சுண்ணாம்புக் கோடு போட்ட வாரம் என் ஆட்கள் அதன் மேல் மாட்டைக் கட்டுவார்கள். ஆண்டுக் கூட்டத்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, விளையாட்டு மனிதர்களை ஒன்றுசேர்க்கிறது என்று பேசுவோம்.

இப்படியே போயிருக்கும். தேயிலை விலை விழுந்தது. பச்சைக் கொழுந்தை விற்றால் அதைக் கிள்ளிய கூலிகூடத் தேறாத வருஷங்கள் அவை. கிளப்புக்கு எஸ்டேட் செய்துவந்த உதவி நின்றுபோனது. அந்த வருஷக் கூட்டத்தில் தங்கையா எழுந்து நின்று மிகவும் மரியாதையாகச் சொன்னான்: "கண்டக்டரய்யா, உங்க வெளயாட்டுக்கு ஆளுக்கொரு கம்பு வேணும். எங்களுக்கு ஒரு பந்து போதும், அப்புறம் காத்து. காத்து வெல இன்னும் ஏறலைங்களே."

எல்லோரும் சிரித்தார்கள். லைன் வீடுகளில் இருக்கும் தொழிலாளர்கள் கால்பந்துப் பக்கம், ஆபீஸ் ஆட்கள் ஹாக்கிப் பக்கம் என்பது அன்றைக்குத்தான் சிரிப்பில் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் சிரிப்பு மெதுவாக வந்தது. அடுத்த வருஷம் முதல் ஒரே ஆட்டம், அது எது என்று சீசன் முடிந்ததும் ஓட்டுப் போட்டுப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

ஓட்டெல்லாம் ஒப்புக்குத்தான். என் மகன் கீர்த்திவாசன் எந்த ஆட்டத்தில் நிற்கிறானோ, பையன்கள் அத்தனை பேரும் அங்கேதான் போவார்கள். அவன் இரண்டிலும் சென்டர் பார்வர்டு. வெலிங்டன் பட்டாளத்தில் எனக்குத் தெரிந்த ஒருவரிடம் அவனைப் பற்றிச் சொல்லிவைத்திருந்தேன். ஹாக்கி நன்றாக ஆடினால் ஒரு நல்ல வேலைக்கு வழி பிறக்கும். தங்கையா சும்மா இருக்கவில்லை. கோயம்புத்தூரில் ஒரு மில் டீமுக்கு ஆள் எடுப்பவரை, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் பார்க்க மலைக்கு வரச் சொல்லியிருந்தான்.

கீர்த்தியைக் கூப்பிட்டு நிதானமாகப் பேசினேன். அவன் என்னிடம் குரல் உயர்த்தியதே இல்லை. அன்றும் உயர்த்தவில்லை.

"ஏனுங்கப்பா, மட்டையப் புடிச்சா நீங்க ஆடற மாதிரியே இருக்குதுங்க. பந்துன்னாத்தான் நான் ஆடறேன்."

நான் கோபப்படவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு அந்த வயதில் எது நல்லது என்று தெரியாது. ஒரு வாரம் கால் பிசகிக் கிடந்தால் மில்காரர் வேறு பையனைப் பார்த்துக்கொண்டு போய்விடுவார், இவனுக்கும் புத்தி தெளியும் என்றுதான் யோசித்தேன். எந்தத் தகப்பனும் யோசிப்பதுதான்.

எங்கள் மைதானத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். கிழக்குப் பக்கம் கோட்டுக்கு அப்பால் நிலம் இல்லை. மூன்று ஆள் உயரத்துக்கு நேராக இறங்கி, கீழே தேயிலை. மேகம் இறங்கினால் எதிரே நிற்பவன் முகம் தெரியாது. அதற்காக ஆட்டத்தை நிறுத்தினால் மழைக்காலம் முழுக்க ஒரு ஆட்டமும் முடியாது. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம். பள்ளத்துப் பக்கம் ஒருவர் நின்று மண்ணெண்ணெய்த் தகரத்தை விடாமல் தட்டுவார். ஆடுகிறவன் சத்தத்தை நோக்கி ஓடலாம், சத்தத்தைத் தாண்டக் கூடாது. அப்படியும் சிலர் விழுவார்கள். தேயிலைச் செடி இடுப்பளவு உயரத்தில் மெத்தை மாதிரி அடர்ந்திருக்கும். விழுந்தவன் இலையும் குச்சியுமாக ஏறி வருவான், எல்லோரும் கை தட்டுவார்கள். அங்கே ஒரு தடவையாவது விழாதவனை ஆட்டக்காரன் என்று நாங்கள் ஒப்புக்கொள்வதில்லை.

மில்காரர் வந்த ஞாயிறு, நானாகப் போய்த் தகரத்தை வாங்கிக்கொண்டேன். ஹாக்கி செயலாளரே கால்பந்துக்குத் தகரம் தட்டுகிறார் என்று எல்லோருக்கும் சந்தோஷம். தங்கையா எனக்கு உட்கார ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டான். பெருந்தன்மை இரண்டு பக்கமும் இருந்தது.

இடைவேளைக்குப் பிறகு மேகம் இறங்கியது. தட்டினேன். ஒழுங்காகத் தட்டினேன். கீர்த்தி அன்று ஆடிய மாதிரி எந்த ஹாக்கி ஆட்டத்திலும் ஆடியதில்லை என்று கூட ஆடியவர்கள் பின்னால் சொன்னார்கள். எனக்கு எதுவும் தெரியவில்லை, காதில் மட்டும் விழுந்தது. "விடுடா, விடுடா, எனக்கு விடு" என்று கத்திக்கொண்டு அவன் என் பக்கம் வருவது கேட்டது. பூட்ஸ் சத்தம் வேகமாக வந்தது.

தட்டுவதை நிறுத்தினேன்.

நான் அவனைத் தொடவில்லை. கூப்பிடவில்லை. ஒரு வேலையைச் செய்யாமல் இருந்தேன், அவ்வளவுதான். அவன் என்னைக் கடந்து போனபோது சட்டைக் காற்று என் மேல் பட்டது. உடனே திரும்பத் தட்ட ஆரம்பித்துவிட்டேன், மற்றப் பையன்களும் வருவார்களே என்று.

செடி தாங்கியிருக்கும். ஆனால் அந்த வாரம் அங்கே செடி இல்லை. கொழுந்துக்கு விலையில்லாத காலத்தில் பறிப்பதைவிடக் கவாத்து வெட்டிப் போடுவது லாபம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். வெட்டிய பிறகு மிஞ்சுவது முழங்கால் உயரத்துக்கு, கத்தியால் சாய்வாகச் சீவிய கட்டைகள். மைதானத்துக்குக் கீழே இருக்கும் பீல்டைக் கவாத்துக்கு விட்டது யார் என்று நீங்கள் கேட்பீர்கள். ஆட்களைப் பிரித்துவிடுவது கண்டக்டர். கடைசி வரிசை வெட்டி முடிகிற வரை நின்று பார்த்தேன், சுத்தமான வெட்டு. ஞாயிற்றுக்கிழமை அது என் ஞாபகத்தில் இருந்ததா என்றால், இருந்தது. ஞாபக மறதி எனக்கு எப்போதுமே கிடையாது.

விசாரித்தவர்கள் மேகத்தைக் குற்றம் சொன்னார்கள். கிளப்பில் பேசியதெல்லாம் வேறு விஷயம். பாடையில் பையன் நெஞ்சின் மேல் பந்தை வைப்பதா, மட்டையை வைப்பதா என்று எங்கள் வீட்டு வாசலிலேயே இரண்டு கட்சியும் கூடிக் கூடிப் பேசின. தகப்பன் சொல்வதுதான் முடிவு என்று தங்கையாவே விட்டுக்கொடுத்தான். அவன் அழுதுகொண்டிருந்தான். நான் மட்டையை வைத்தேன்.

காரியம் முடிந்தது. எல்லோரும் போன பிறகு என் மனைவி வேலாமணி அடுப்படியிலிருந்து வந்து நின்றாள்.

"தகரம் நின்னுதுங்க. நான் ஊட்டுல இருந்தே கேட்டேன்."

"மேகத்துல சத்தம் சரியாக் கேக்காது."

"நின்னுச்சு. அப்புறம் மறுக்கா தட்டுனீங்க."

அதோடு அவள் கோயம்புத்தூரில் அண்ணன் வீட்டுக்குப் போனாள். துக்கம் சிலரை அப்படிச் செய்யும். வருஷத்துக்கு ஒரு முறை போய்ப் பார்க்கிறேன். அவள் அண்ணன்தான் வந்து கதவைத் திறந்து பேசுவார்.

ஓட்டுப் போடவேண்டிய அவசியம் வரவில்லை. தங்கையா அதற்கப்புறம் பந்தைத் தொடவில்லை, பையன்களும் தொடவில்லை. மைதானம் முழுக்க எங்களுக்கு வந்தது. புல்லை இப்போது நான் விரும்புகிற அளவுக்கு வெட்டலாம், மாடு கட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு வருஷமும் கீர்த்திவாசன் நினைவுக் கோப்பை ஹாக்கிப் போட்டி நடத்துகிறோம். வெலிங்டனிலிருந்துகூட டீம் வருகிறது. பேசச் சொன்னால் நானும் இரண்டு வார்த்தை பேசுகிறேன்.

ஒரே ஒரு குறை. எங்கள் டீம் ஒவ்வொரு தடவையும் முதல் ஆட்டத்திலேயே தோற்றுவிடுகிறது. முன்னால் நின்று கோல் போட ஆளில்லை. கீர்த்தி இருந்திருந்தால் கிளப்பை இப்படித் தோற்க விட்டிருக்க மாட்டான்.