நூற்றைம்பது சென்டிமீட்டர்

லாரஸுக்காக நான் பத்து முறையாவது வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவளும் எனக்குப் போட்டிருக்கிறாள். மாலாங்கில் கல்லூரி என்றால் அப்படித்தான், ஐயா. கையெழுத்தோ, கடையில் வாங்கும் சோற்றுப் பொட்டலமோ, யாருக்கு வசதிப்படுகிறதோ அவர் மற்றவருக்கும் சேர்த்துச் செய்துவிடுவார். யாரும் யோசிப்பதில்லை.

இறுதியாண்டு புராஜெக்டுக்கு நாங்கள் இருவரும் வெள்ள எச்சரிக்கை சைரன் செய்தோம். லாரஸ் வாடகைக்கு இருந்த ஆற்றங்கரைக் குடியிருப்பிலேயே கம்பம் நட்டோம். பாலத்துக்கு அடியில் தண்ணீர் நூற்றைம்பது சென்டிமீட்டரைத் தொட்டால் சைரன் அலறும். நாற்பது வீட்டுக்காரர்களும் மேட்டிலிருக்கும் பள்ளிவாசலுக்கு ஏறிவிடுவார்கள். புரோகிராம் முழுவதும் அவள் எழுதியது. குழி தோண்டியது, ஒயர் இழுத்தது, பெட்டி மாட்டியது எல்லாம் நான்.

ரிவ்யூவில் விர்யோ சார் கேட்டார்: "ஹார்யோ, நீ இதுல என்னப்பா பண்ணே? கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னியா?" வகுப்பே சிரித்தது. லாரஸும் சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்கு வலித்தது, அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

அந்த வாரம் அவளுடைய லேப்டாப் பழுதானது. "டேய், என் பாஸ்வேர்டு உனக்குத் தெரியுமில்ல? இதை என் பேர்ல ஏத்திடு" என்று பென்டிரைவைக் கொடுத்தாள். நூற்றைம்பது என்றிருந்த இடத்தில் இருநூற்றைம்பது என்று மாற்றி, அவள் பெயரிலேயே ஏற்றினேன். வியாழக்கிழமை இறுதித் தேர்வில் சார் முன்னால் தொட்டியில் தண்ணீர் ஊற்றும்போது சைரன் ஒலிக்காது. அவள் திணறுவாள். பிழையை நான் கண்டுபிடிப்பேன். கம்பத்திலும் அதே புரோகிராம்தான் ஓடுகிறது என்று தெரியும். மூன்று நாள்தானே என்று நினைத்தேன். வானிலை அறிக்கைகூடப் பார்த்தேன், நான் பொறுப்பில்லாதவன் அல்ல. மழை என்று போட்டிருந்தது. அந்த மாதம் முழுக்க தினமும் அப்படித்தான் போட்டார்கள்.

செவ்வாய் மதியம் லேபில் உட்கார்ந்து ஆற்றின் அளவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நூற்று அறுபத்து நான்கு. லாரஸ் போன் செய்தாள்.

"ஹார்யோ, தண்ணி படிக்கட்டுக்கு வந்துடுச்சுடா. சைரன் ஏன் அடிக்கல?"

"இன்னும் ஏறலைன்னு அர்த்தம். நீ எழுதினதை நீயே நம்பலைன்னா எப்படி?"

அவள் சிரித்துவிட்டாள். "அதுவும் சரிதான். வீட்டுக்கார மெனிக் அம்மா மூட்டை கட்டட்டுமான்னு கேட்டாங்க. சைரன் அடிச்சா போலாம், பேசாம உக்காருங்கன்னு சொல்லிட்டேன்."

"நல்லது" என்றேன்.

சைரனைக் கையாலேயே ஒலிக்கவைக்கத் திரையில் ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தியிருந்தால், தானாக ஏன் ஒலிக்கவில்லை என்று அன்றே தோண்டுவார்கள். வியாழக்கிழமைக்கு ஒன்றும் மிஞ்சாது. நூற்றெண்பது ஆனது. இருநூற்றுப் பத்து ஆனது. இனி ஏறாது என்று இருபது நிமிடம் காத்திருந்தேன். இருநூற்று நாற்பத்தொன்றோடு திரையில் எண் வருவது நின்றது. கம்பத்தையே ஆறு கொண்டுபோய்விட்டது.

பதினொரு பேர் இறந்தார்கள். மெனிக் அம்மாவும் அவர்களில் ஒருவர்.

அந்த மாற்றம் என் கணினியிலிருந்துதான் போனது என்று கண்டுபிடித்துவிட்டீர்கள். நான் மறுக்கவில்லை. நான்தான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

லாரஸ் ஒரு மாமரக் கிளையைப் பிடித்துத் தப்பித்தாள். மறுநாள் மருத்துவமனையில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நான்தான்டா தப்பா அடிச்சிருக்கேன். ஒரே ஒரு நம்பர். மெனிக் அம்மாவை நானே உக்கார வெச்சுட்டேன். உன் உழைப்பையும் கெடுத்துட்டேன். என்னை மன்னிச்சுடுடா."

நான் வன்மம் வைத்துக்கொள்கிறவன் அல்ல, ஐயா. மன்னித்துவிட்டேன்.