ஒரே ஒரு வார்த்தை மாற்றிய பாட்டு

சுக்குக் கஷாயத்துக்குப் பனங்கற்கண்டைக் கடைசியில்தான் போட வேண்டும், மேடம். முதலிலேயே போட்டால் பிசுபிசுத்துப் போய்த் தொண்டையில் இறங்காது. எங்கள் மாதா கோவில் பாடகர் குழுவுக்கு ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால் கஷாயம் கொடுப்பது என் பொறுப்பு. ஆளுக்கொரு ஃபிளாஸ்க். என் பெயர் ஆரோக்கியமேரி. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். கோவிலுக்குப் பாட்டும் எழுதுவேன். மெட்டுப் போட்டுப் பாடுவது இன்பராஜ்.

நற்கருணை வாங்கும் நேரத்தில் பாட ஒன்று எழுதிக் கொடுத்திருந்தேன். 'உம் மூச்சுப் பட்டால் போதும், நான் சுத்தமாவேன்; உம் காலடித் தூசியில் உறங்குவேன், ஆண்டவரே' என்று போகும். அவன் பாடினால் கோவிலில் ஒரு இருமல் சத்தம்கூடக் கேட்காது. என் வீட்டுக்காரர் மட்டும் கடைசி பெஞ்சில் தூங்குவார். தோல் பதனிடும் டேனரியில் ஈரத்தோல் தூக்குகிறவருக்கு அலுப்பு இருக்காதா.

ஒரு நாள் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில், கூட வேலை பார்க்கும் உமைமா செல்லை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "உங்க கோவில் அண்ணன் இன்னா சூப்பரா பாடிருக்காரு பாருங்கக்கா."

என் பாட்டு, வீடியோவாக. அணைக்கட்டுப் பக்கம் ஏதோ மாந்தோப்பு. சுற்றிலும் மெழுகுவர்த்தி. இன்பராஜுக்கு நிச்சயமான பெண் கிறிஸ்டினா வெள்ளை முக்காட்டோடு நிற்கிறாள். அவன் முழங்கால் போட்டு நாக்கை நீட்டுகிறான். பூசையில் சாமியார் நற்கருணை அப்பத்தை வைப்பது மாதிரி அவள் அதில் ஒரு சாக்லேட்டை வைக்கிறாள். அவன் நாக்கில் எச்சில் மினுங்குவது வரை கிட்டப்போய்ப் படம் பிடித்திருந்தார்கள். கருமம். வாயிலிருந்த சோற்றை டிபன் மூடியில் துப்பிவிட்டேன்.

ஊரே அதைத்தான் பாடியது. ஆட்டோவில், பிரியாணிக் கடையில், கம்பெனி பஸ்ஸில். காதலிக்கிறவர்களுக்கு வேறு வார்த்தையே அகப்படாதா, மேடம்? பீடம், வரம், தேவதை, சொர்க்கம் என்று சாமியின் சாமான்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்ப் படுக்கையில் கொட்டுகிறார்கள்.

அவனிடம் பொறுமையாகத்தான் கேட்டேன், "இன்னா இன்பராஜ் இது?" என்று.

"ஒரே ஒரு வார்த்தைதான் மாத்தினேன்கா. ஆண்டவரேங்கற எடத்துல கிறிஸ்டினான்னு போட்டேன். மத்ததெல்லாம் நீங்க எழுதினது அப்படியே செட் ஆய்டுச்சு. கல்யாணத்தன்னிக்கிப் பீடத்துக்கு முன்னாடியே இதத்தான் பாடப் போறேன்."

அவன் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். அதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. பீடத்துக்கு முன்னால் அந்த அசிங்கம் நடக்கக் கூடாது என்பதுதான் என் கவலை. பாட்டை நிறுத்த முடியாது, எல்லார் செல்லிலும் இருக்கிறது. குரலை நிறுத்தலாம்.

தோலிலிருந்து முடி உதிர்க்கப் போடும் மருந்தை, வீட்டுக்காரருக்கு டேனரிக்குச் சோறு கொண்டுபோன சாக்கில் எடுத்துவந்தேன். எருமை முடியே உதிர்கிற மருந்துக்கு மனுஷத் தொண்டை எம்மாத்திரம். கல்யாணத்துக்கு முந்தின ஞாயிறு அவனுக்குச் சளி பிடித்து மூக்கு அடைத்திருந்தது; மருந்தின் நாற்றம் தெரியாது. ஆண்டவர்தான் வழிவிட்டார் என்று நினைத்தேன். அவன் ஃபிளாஸ்க்கில் மட்டும் கலந்தேன். இரண்டு மடக்குக் குடித்தான். பிறகு வந்த சத்தத்தை நான் சொல்ல வேண்டாம்.

இப்போது வேலூர் ஆஸ்பத்திரியில் கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்திருக்கிறார்கள். இனிக் குரல் வராதாம். கல்யாணமும் நின்றுபோயிற்று. கிறிஸ்டினா முதலில் தினமும் வந்தாள். அவன் வாயில் வழிவதைப் பார்த்து வாசலோடு நின்றுவிடுவாள். பிறகு வருவதையே விட்டுவிட்டாள். அவ்வளவுதான் அவள் காதல். எனக்கு அருவருப்பே இல்லை. தாய் தகப்பன் இல்லாத பிள்ளை. வேலை விட்டதும் பஸ் பிடித்துப் போய், எச்சிலைத் துடைத்து, துண்டு மாற்றி, பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். நர்ஸுகள் என்னைக் கூடப்பிறந்த அக்கா என்றே நினைத்திருந்தார்கள்.

இத்தனை நாள் பாதி மயக்கத்தில் கிடந்தவன், நேற்று நான் உள்ளே நுழைந்ததும் நர்ஸிடம் என்னைக் காட்டிக் காட்டித் தன் தொண்டையைத் தொட்டான். அதனால்தான் என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். கலந்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

சாயங்காலத்தில் மட்டும் என்னை ஒரு நடை ஆஸ்பத்திரிக்கு விடுங்கள். இத்தனை நாளும் அவன் காதோரம் குனிந்து அந்தப் பாட்டைப் பாடிவந்திருக்கிறேன். கிறிஸ்டினா என்ற பெயரை எடுத்துவிட்டேன். ஆண்டவரே என்று வர வேண்டிய இடத்தில் நான் எதுவும் சொல்வதில்லை, மேடம். அவன் முகத்தைப் பார்ப்பேன்.