ஊசிக்குக் கொடுத்த அச்சாரம்

— வள்ளத்தை வித்தால் பிறகு என்னத்தில கடலுக்குப் போறது? நீந்தியோ?

— ஆர் உனக்குச் சொன்னது?

— றஹீமா. ஜமால்தீன் முதலாளியின்ர பெண்சாதி. “உன்ர மனிசன் வந்து வள்ளத்துக்கு விலை பேசிப்போட்டுப் போறார், பேசாலைக் கரையில அப்பிடி ஒரு வள்ளம் இல்லையே திரேசம்மா, வீட்டில என்ன வந்தது?” எண்டு கேட்டவ. நான் கருவாடு புரட்டப் போறனெண்டு வந்திட்டன்.

— முதலாளிமாருக்கு ஒரு வாய் காணாது. பெண்சாதியின்ர வாயும் வேணும்.

— அவர் தன்ர பெண்சாதியிட்டைச் சொன்னவர். நீங்கள் உங்கட பெண்சாதியிட்டைச் சொல்லேல்லை. சொல்லுங்கோ பாப்பம், தகப்பன் விட்டுட்டுப் போன வள்ளத்தை வலன்ரைன் எண்ட மனிசன் எதுக்கு விக்கிறார்?

— உனக்குத்தானடியப்பா! வேற ஆருக்கு? தலைமன்னாரில கப்பல் வாற பியரடியில ஒரு தோல் வைத்தியர் வந்து கந்தோர் போட்டிருக்கிறார். கோட்டுப் போட்ட ஆள். அலுமாரி நிறையப் போத்தல். சுத்துற கதிரை. வாசலில பெரிய பலகை, “சகல சரும வியாதிகளும் சுகமாக்கப்படும்” எண்டு.

— பலகைக்கு ஆர் வேணுமெண்டாலும் எழுதலாம். எவ்வளவு எடுக்கிறாராம்?

— பாக்கிறதுக்குக் காசே இல்லை. நான் சொல்லுறன், அந்தாள் தங்கமான மனிசன்.

— பாத்த பிறகு?

— பிறகு ஊசி. பன்னிரண்டு ஊசி. ஒரு ஊசி பதினைஞ்சு ரூவா.

— மாதாவே! அதோட முடிஞ்சுதோ?

— பூசுற எண்ணெய் புறம்பு. ஊசி போட்டால் உடம்பு இளைக்குமாம், அதுக்குக் குளிசை புறம்பு. மருந்து தனுஷ்கோடியில இருந்து கப்பலில வாறபடியால் அந்தக் கூலி...

— புறம்பு.

— ஓம், புறம்பு.

— பன்னிரண்டும் போட்டுச் சுகம் வராட்டில்?

— அதை நான் கேக்கேல்லை.

— ஒரு பாரை மீன் வாங்கிறதெண்டாலும் செவுளைத் தூக்கிப் பாத்து, வயித்தை அமத்திப் பாத்து வாங்கிற மனிசன்! ஊசியெண்டதும் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டிப்போட்டு வந்திருக்கிறியள். என்னை அந்தாள் கண்டும் இல்லையே. என்ன வருத்தமெண்டு எப்பிடிச் சொன்னவர்?

— நான்தான் விபரம் சொன்னனான். நெஞ்சில ஒண்டு, முதுகில ஒண்டு, சிவந்து தடிச்சுக் கிடக்கு எண்டு. கண்ணை மூடி யோசிச்சுப்போட்டு, “அதுதான்” எண்டவர்.

— எது?

— எனக்கு வாய் வருதில்லை திரேசு.

— பெருவியாதி, குட்டம். சொல்லிப்போட்டன் பாருங்கோ, வானம் இடிஞ்சு விழேல்லை.

— வாயைக் கழுவு முதல்ல! சந்தியா நேரத்தில அந்தப் பேரை எடுக்கிறாய்.

— ரெண்டு மாசமா இந்த வீட்டில எல்லாரும் அதைத்தான் நினைக்கிறம். உங்கட அக்கா பெற்றிசியா வந்தால் தான் கொண்டுவந்த கோப்பையிலதான் தேத்தண்ணி குடிக்கிறா. நான் காணாதவள் மாதிரி இருக்கிறன்.

— அவளை நான் கேக்கிறன், இரு.

— அவவில பிழையில்லை, பயம். அது சரி, ஊசிக்காரரிட்டை ஓடுறதுக்கு முதல் முருங்கன் பரியாரியாரிட்டைக் கேட்டிருக்கலாமே. அவர் நெல்லு வாங்கிறவரெல்லே.

— கேக்காமல் இருப்பனோ? நெல்லு ரெண்டு மூட்டை. அது பறவாயில்லை. பத்தியம் சொன்னார் பார், ஒரு மண்டலத்துக்கு உப்பில்லை, புளியில்லை, மீனை வாயிலயும் வைக்கப்படாது, கையாலயும் தொடப்படாதாம். கருவாடு போடுறவளுக்கு இப்பிடி ஒரு பத்தியமோ? “ஐயா, நாங்கள் கடலோரத்து ஆக்கள்” எண்டனான். “அப்ப கடலைவிட்டுத் தள்ளி இருங்கோ” எண்டார்.

— மன்னார் ஆசுபத்திரிக்கு ஏன் போகேல்லை? காசே இல்லையே அங்க.

— விசர்க்கதை கதையாத! அங்கதான் விலை கூட. டாக்குத்தர் அதுதான் எண்டு கண்டால் மேலிடத்துக்கு எழுதியே ஆகவேணும், சட்டம். பொலிசு வண்டியோட வந்து வாசலில நிக்கும். கொழும்புக்கு அங்கால மதில் கட்டி வைச்சிருக்கினம், அதுக்குள்ள கொண்டுபோய் விட்டால் பிறகு வெளியில இல்லை. அரிப்புக் கரையில சங்கு குளிச்ச எமிலியானுஸ் அண்ணை போனவர் போனவர்தான். இப்ப அவற்ற பிள்ளையளுக்குத் தகப்பன்ர முகமும் நினைவில்லை. நான் உயிரோட இருக்குமட்டும் உன்னை அங்க விடமாட்டன்.

— விடாட்டில்? அவையள் கொண்டுபோவினம்.

— நானும் வருவன்.

— புருசன்மாரை உள்ள விடமாட்டினமே.

— மதிலுக்கு வெளியில குடில் போட்டுக்கொண்டு இருப்பன். கடல் சாட்சியாச் சொல்லுறன். காலமையும் பின்னேரமும் உன்ர பேரைச் சொல்லிக் கூப்பிடுவன். நீ உள்ளுக்க இருந்து ஏசு.

— ஏசத்தான் ஏசுவன்... உங்களோட வாழுறதும் கஷ்டம், கோபிக்கிறதும் கஷ்டம்.

— சரி சரி. சுருட்டு அணைஞ்சுபோச்சு. அடுப்பில ஒரு தணல் எடு.

— பொறுங்கோ, குறடு எங்கயோ... ஐயோ, உங்களுக்கென்ன விசரோ! கையாலயோ அள்ளுறது!

— குறடு உனக்கு. மீசை முளைக்க முதல் இருந்து கயிறு இழுக்கிற கையடி இது. தணல்தான் பயப்பிடவேணும்.

— ஓம் ஓம், கரை முழுக்க இந்தப் புழுகுதான். கொதிக்கிற கறிச்சட்டியைச் சீலை பிடிக்காமல் இறக்குவார் வலன்ரைன் எண்டு பெடியள் பந்தயம் கட்டுறாங்கள். போன கிழமை தூண்டில் ஏறி ரத்தம் வடிஞ்சதை நான் சொல்லித்தானே பாத்தனீங்கள்.

— அதுதான் கடற்காரன்ர கை. உன்ர கொப்பருக்கும் இப்பிடி ஒரு கை வாய்க்கேல்லை.

— அப்பற்ற கையை விடுங்கோ. இஞ்சேருங்கோ, நான் ஒண்டு சொன்னால் கத்தமாட்டியளே?

— நீ சொல்லுற மாதிரியைப் பாத்தால் கத்தவேண்டித்தான் வரும்.

— இண்டைக்கு விடிய நீங்கள் கடலுக்குப் போன கையோட, றஹீமாவின்ர மாட்டுவண்டியில மன்னாருக்குப் போட்டு வந்தனான். மருந்து வாங்க வெறும் போத்தலும் கொண்டு.

— ஆசுபத்திரிக்கோ?

— ஓம்.

— பேர் குடுத்தனியோ?

— பேர், ஊர், உங்கட பேர், எல்லாம்.

— பாவி! ஏனடி, ஏன் இப்பிடிச் செய்தனி? ஒரு சொல்லு என்னைக் கேட்டனியோ?

— கேட்டால் விட்டிருப்பியளோ? கடைக்குட்டியை நான் தள்ளிப் படுக்க வைக்கிறது உங்களுக்குத் தெரியாது. அவன் நித்திரையில உருண்டு வந்து என்ர சட்டையைப் பிடிப்பான். நான் அந்தப் பிஞ்சு விரலை ஒவ்வொண்டாக் கழட்டிவிடுவன். விட்டுட்டு மற்றப் பக்கம் திரும்பி அழுவன். அதுக்குமேல என்னால ஏலாமல் போச்சு. அதுதான் எண்டால் அதுதான் எண்டு தெரியட்டும், பிள்ளையளாவது தப்பட்டும் எண்டுதான் போனனான்.

— என்ன சொன்னவர்? கெதியாச் சொல்லு.

— முதல் கேள்வி, “கடிக்குதோ?” எண்டவர். “இரவிரவாக் கடிக்குது ஐயா, சொறிஞ்சு சொறிஞ்சு நகம் தேஞ்சுபோச்சு” எண்டனான். சிரிச்சவர்.

— சிரிச்சவரோ?

— அந்த வருத்தத்தின்ர தழும்பு அனேகமாக் கடியாதாம். நோகவும் மாட்டுதாம். பிறகு கண்ணை மூடச் சொல்லிப்போட்டு, ரெண்டு கண்ணாடிக் குழாய், ஒண்டில சுடுதண்ணி, மற்றதில பச்சைத்தண்ணி. தழும்பில மாறி மாறி வைச்சு, “இது எது? இது எது?” எண்டவர். சுடுதண்ணிக்கு நான் துள்ளின துள்ளில நேர்ஸம்மாவின்ர தட்டம் விழுந்து உருண்டுது. “அந்த வருத்தக்காரருக்குச் சூடு தெரியாதம்மா, சுட்டுக் கொப்பளிச்சாலும் தெரியாது. உனக்கு அது இல்லை, வீட்டை போ” எண்டவர்.

— இல்லையோ?

— இல்லை.

— இன்னொருக்காச் சொல்லு.

— இல்லை, இல்லை, இல்லை. காணுமோ?

— அப்ப அந்தச் சிவப்பு?

— கோபிக்கப்படாது. கழுத்தில போட்டு நெஞ்சிலயும் முதுகிலயும் தொங்குற உத்தரியம்.

— மாதாவின்ர உத்தரியமோ? என்ன கதை கதைக்கிறாய்!

— மாதா ஒண்டும் செய்யேல்லை. பழைய உத்தரியம் உப்பில உக்கிப்போச்செண்டு மடு மாதா பெருநாளுக்கு நீங்கள்தானே புதுசு செய்து தந்தனீங்கள். மண்ணிறக் கம்பளி கிடைக்கேல்லை எண்டு வெள்ளைத் துண்டு ரெண்டை என்னத்தில தோய்ச்சனீங்கள்?

— வலைக்குச் சாயம் காய்ச்சின கிடாரத்தில... ஐயோ திரேசு.

— அந்தச் சாயம் வேர்வையில ஊறித் தோலைத் திண்டிருக்கு. டாக்குத்தர் உத்தரியத்தை நெஞ்சில வைச்சுப் பாத்தவர், முதுகில வைச்சுப் பாத்தவர். சதுரத்துக்குச் சதுரம் அளவெடுத்த மாதிரி. நானெண்டால் தழும்பு வந்த நாளில இருந்து, மாதா சுகம் தருவா எண்டு இன்னும் இறுக்கிக் கட்டினனான்.

— என்ர கையாலயே உனக்கு...

— ஆசையில செய்தது, அதுக்கென்ன. சாயமில்லாததாப் பாத்து, சட்டைக்கு மேல போடச் சொன்னவர். அவரும் வேதக்காரர்தான். உத்தரியத்துக்கு முத்தம் குடுத்துத்தான் திருப்பித் தந்தவர்.

— எவ்வளவு எடுத்தவர்?

— போத்தல் என்ர, மருந்து அரசாங்கத்தின்ர. றஹீமா வண்டிக்கூலியும் வாங்கேல்லை.

— அதுதான் எண்டால் எழுதியிருப்பாரோ?

— நானும் கேட்டனான். “எழுதத்தான் வேணும், பொய் சொல்லமாட்டன். ஆனால் முதலே வாறவைக்குக் கையும் காலும் மிஞ்சும். ஒளிச்சு வைச்சுப் பிந்தி வாறவையைத்தான் பாக்கேலாமல் கிடக்கு” எண்டவர். நல்ல மனிசன்... என்ன, அழுகிறியளோ?

— புகை.

— சுருட்டு அணைஞ்சு எவ்வளவு நேரம். எங்கால புகை?

— சரி, அழுகிறன். அழுதால் என்ன? ரெண்டு மாசம் கடலில அழுதனான், இண்டைக்கு வீட்டில அழுகிறன். தள்ளு, நானே தணல் எடுக்கிறன். நாளைக்கு விடிய முதலாளியிட்டைப் போய், “வள்ளம் விக்கிறதில்லை, நீர் உம்மட வேலையைப் பாரும்” எண்டு சொல்லுறன். பிறகு தலைமன்னார். முதல் ஊசிக்கு அச்சாரம் குடுத்திட்டன், அதை வாங்காமல் வரமாட்டன். அந்தச் சுத்துற கதிரையில அவரை இருத்தி நான் ஒரு சுத்துச் சுத்திவிடுறன் பார்! பெற்றிசியாக்காவைக் கூப்பிடு, எங்கட கோப்பையில தேத்தண்ணி குடுப்பம். கடைக்குட்டியை இண்டைக்கு உன்ர பக்கத்தில போடு, விடியுமட்டும் உன்ர சட்டையைப் பிடிச்சுக்கொண்டு கிடக்கட்டும்... என்னடியப்பா? நான் பாட்டுக்குக் கதைக்கிறன், நீ ஏன் இப்பிடி வெளிறிப்போய் நிக்கிறாய்?

— சுருட்டு எப்பவோ பத்திட்டுதப்பா. அந்தத் தணலை ஏன் இன்னும் உள்ளங்கையில வைச்சிருக்கிறியள்?