பள்ளிக்குப் பூட்டிய ஜப்பான் ஸ்பீக்கர்

இந்தப் பிளேன்டீக்குச் சீனி கொஞ்சம் கூடிவிட்டது சேர். பரவாயில்லை, குடிக்கலாம். என் வாக்குமூலத்தை நீங்கள் ஆறுதலாகவே எழுதுங்கள். என் பெயர் மக்பூல். கற்பிட்டியில் ஸ்பீக்கர், அம்ப் விற்றுப் பழுதும் பார்க்கிறேன். கரையில் என்னைக் கொலைகாரன் என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். நான் யாரையும் ஏமாற்றவில்லை.

எங்கள் பக்கம் கடல் கெடப்போகிறது என்றால் பள்ளிவாசல் ஸ்பீக்கரில்தான் தோணிக்காரர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். உப்புத்தண்ணீர் பட்டால் போன் போய்விடும் என்று பாதிப்பேர் அதை வீட்டில் வைத்துவிட்டே தொழிலுக்குப் போவார்கள். பள்ளிக் கூரையில் இருந்த ஸ்பீக்கர்கள் இரையத் தொடங்கியதும் தலைவர் அபூசாலி ஹாஜியார் என் கடைக்கு வந்தார். நல்ல சாமானாக எடுத்து, நியாயமான விலை சொன்னேன்.

"இந்த வெலைக்கு என்ன சாமான் வரும் மக்பூல்? பள்ளிக்குப் போடுறது. நல்லதாப் பாருங்க."

அதைப் போட்டுக் கேட்கக்கூட அவர் நிற்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது. கூரையில் இருந்த பழசையே கழற்றி வந்தேன். துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடித்தேன். இரைச்சல் போக ஒரு வயரை மாற்றினேன். சத்தத்தைத் தூரத்துக்குத் தள்ளும் சுருள் உள்ளே தேய்ந்துபோயிருந்தது; அதைத் தொடவில்லை. ஜப்பான் என்று ஸ்டிக்கர் ஒட்டி, நாலு மடங்கு விலை வாங்கி, அதே கூரையில் பூட்டினேன்.

அடுத்த ஜும்ஆவுக்குப் பள்ளி முற்றத்தில் எல்லார் முகமும் மலர்ந்திருந்தது. "ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக் கேக்குது, மாஷா அல்லாஹ்" என்றார் ஹாஜியார். அவர் நடிக்கவில்லை சேர். அவருக்கு உண்மையிலேயே அப்படிக் கேட்டது. அந்தச் சந்தோஷத்துக்குத்தான் நான் காசு வாங்கினேன். கடற்கரைக்குப் போய்க் காற்றுக்குள் நின்று கேட்டுப் பார்ப்போம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அதற்கும் நானா பொறுப்பு?

கார்த்திகை மாதம் ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு வடமேற்கே கருத்தது. பாங்கு சொல்லும் மோதினார் ஸ்பீக்கரில் கூப்பிடத் தொடங்கினார். கிட்ட நின்ற தோணிகள் வந்துவிட்டன. தூரத்துக்குப் போயிருந்த ஃபஸ்லானைக் காணவில்லை. அவன் மனைவி அஸ்ரியா, பெரிய போட் வைத்திருக்கும் நெய்னார் வீட்டை நோக்கி ஓடினாள். கரையில் என்னைக் கண்டதும் நின்றாள்.

"மக்பூல் நானா, பள்ளிச் சத்தம் அவருக்குக் கேக்குமா? இல்லாட்டி நெய்னார்ட போட்ட அனுப்பச் சொல்லவா?"

பள்ளிக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு தென்னந்தோட்டம்தான். அந்த இடத்திலேயே மோதினாரின் குரல் அரைகுறையாகத்தான் வந்தது. கேட்காது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஹாஜியார் ஆளை ஏற்றி ஸ்பீக்கரைக் கழற்றிப் பார்ப்பார். என் கடையும் பேரும் அன்றோடு போய்விடும்.

"ஜப்பான் சாமான் தங்கச்சி. கடல் முழுக்கக் கேக்கும். அவன் இப்ப திரும்பி வந்துக்கிட்டிருப்பான்."

அவள் தலையைச் சாய்த்துக் கொஞ்சம் நின்றாள். முகம் தெளிந்தது. "ஓம் நானா, எனக்கும் நல்லாத்தான் கேக்குது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பினாள். நெய்னாரின் போட் கரையிலேயே கிடந்தது. உடப்புப் பக்கம் கரையொதுங்கிய ஃபஸ்லானின் மையித்தைத்தான் பிறகு எடுத்தார்கள்.

அவளையே கூப்பிட்டுக் கேளுங்கள் சேர். அவளுக்குக் கேட்டது, ஹாஜியாருக்குக் கேட்டது, ஊருக்கே கேட்டது. கேட்கவில்லை என்று தெரிந்தவன் அந்தக் கரையில் நான் ஒருவன்தான்.